குமார பர்வதத்துக்கு 13 கிலோ பை: எதைக் குறைப்பது?

கர்நாடகாவின் குமார பர்வத மலையில் இரண்டு நாள் ஏற பை 13 கிலோ ஆகிவிட்டது, எதைக் குறைப்பது என்று கேட்டீர்கள். அடுப்பு, கேஸ், பாத்திரம், அரிசி எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மலைப்பாதையில் உள்ள பட்டர மனை என்ற வீட்டில் சோறு, சாம்பார் கிடைக்குமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுச் சொல்லிவிடுங்கள். மற்றதுக்குச் சப்பாத்தி, கடலை மிட்டாய், பேரீச்சை.

இரண்டு நாளைக்கு 13 கிலோ ஏறியதற்குக் காரணம் அநேகமாக அந்த 70 லிட்டர் பைதான். காலியாகவே இரண்டு கிலோ இருக்கும், அப்புறம் இடம் இருக்கிறதே என்று கை தானாகத் திணிக்கும். பெங்களூரில் 40 லிட்டர் பை வாடகைக்கே கிடைக்கிறது.

சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் அது காயவே காயாது, கனம் வேறு. பவர் பேங்க் 20,000 mAh எதற்கு? 10,000 போதும். மாற்றுத்துணி ஒரு செட், உறங்க மட்டும். குளித்து மாற்றும் துணியைக் மலையடிவாரத்தில் உள்ள குக்கே ஊரில் லாட்ஜிலேயே விடலாம்.

ஆனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள். லிட்டருக்கு ஒரு கிலோதான், தெரியும். வழியில் வரும் கல்லு மண்டபத்தைத் தாண்டி மேலே வெயில் மண்டையைப் பிளக்கும், கோடையில் ஓடையையும் நம்ப முடியாது. இரண்டு பாட்டிலை நிரப்பிக்கொண்டே ஏறுங்கள்.

டெண்ட் பற்றி முடிவெடுக்கும் முன் வனத்துறையிடம் கேளுங்கள், இரவு தங்கும் விதி மாறிக்கொண்டே இருக்கிறது.