குதிரையில் ஏறினால் தள்ளாட்டம் குறையுமா?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. நடக்கையில் தள்ளாடுகிறார். குதிரைச் சவாரி சிகிச்சை நல்லது என்கிறார்கள். பக்கத்து ஊரில் கல்யாண ஊர்வலக் குதிரை ஒன்று இருக்கிறது. அதில் ஏற்றலாமா?
– வாசகி, திருவையாறு

பதில்: ஊர்வலக் குதிரை வேண்டாம். காலை உதறி ஆடப் பழக்கியது அது; இங்கே சீரான நடைதான் மருந்து. குதிரை நடக்கையில் சவாரியாளரின் இடுப்பு முன்பின்னாக, பக்கவாட்டில், லேசாகத் திரும்பியும் அசையும். நாம் நடக்கும்போதும் ஏறக்குறைய இப்படித்தான். குதிரை நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி வைக்கும். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு சமநிலையைத் தேடும்.

முதலில் டாக்டரிடம் கேளுங்கள். கடுமையான எலும்புப்புரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, அண்மையில் மாற்றிய இடுப்பு மூட்டு என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்.

ஏறும்போதுதான் வம்பு. தரையிலிருந்து காலை வீசித் தாண்டினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், கால் பட்டுக் குதிரையும் மிரளும். மேடை வேண்டும். இடப்பக்கம் பார்த்துக் குறுக்காக உட்காரவைத்து, வலது காலைக் குதிரையின் கழுத்துக்கு மேலாக எடுத்துப் போடுங்கள். கயிற்றைப் பிடிக்க ஒருவர், இருபுறமும் நடக்க இருவர். தலைக்கவசம் கட்டாயம்.

ஆளும் சேணமுமாகச் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது: 300 கிலோ குதிரைக்கு 60 கிலோ. மட்டக்குதிரை தாங்காது.

அறுவடை முடிந்த வயலில் விடாதீர்கள். நம் களிமண் ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் வெடிப்பில் குளம்பு இடறும். மணல் பரப்பிய தரை, காலை வேளை, முதல் நாள் 10 நிமிடம். இறங்கியதும் தலை சுற்றலாம். மேடையிலேயே கொஞ்சம் உட்காரட்டும்.