கீழே சூடு, மேலே குளிர்: இரண்டையும் ஒரே வாயுவா செய்கிறது?

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி சூடாகும் என்கிறார்கள். அதே வாயுவால் மேல் வளிமண்டலம் குளிர்கிறது என்றும் படித்தேன். முரணாக இருக்கிறதே? அந்தக் குளிர்ச்சி கீழே இறங்கி நம்மைக் காப்பாற்றாதா?

முரண் இல்லைங்க, இரண்டும் உண்மை. படித்தது இயற்பியல், பிழைப்பு கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. அதனால் பட்டறைப் பேச்சிலேயே சொல்கிறேன்.

மோட்டார் பாடியைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்குமே, காயிலின் சூட்டை வெளியே தள்ளுவது அவைதான். மில்லிலிருந்து வரும் சில மோட்டார்களில் அந்த இடுக்கெல்லாம் பஞ்சு அடைந்து கெட்டிப்பட்டிருக்கும். பிரித்தால் காயில் கருகியிருக்கும். தகடு அதேதான், சூடு வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான். அது 15 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அகச்சிவப்புக் கதிரை (கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்) வாங்கும், விடும். கீழே காற்று அடர்த்தி. ஒரு மூலக்கூறு விட்ட கதிரைப் பக்கத்து மூலக்கூறு பிடித்துக்கொள்ளும், சூடு எளிதில் தப்பாது. 100 கி.மீ. உயரத்தில் காற்று மிக மெல்லியது. அங்கே ஆக்சிஜன் அணுக்கள் மோதிக் கொடுக்கும் ஆற்றலை இந்த மூலக்கூறு கதிராக்கி விண்வெளிக்கே அனுப்பிவிடும். மேலே தடுக்க ஆள் இல்லை. வாயு கூடக்கூட அங்கே குளிர்ச்சியும் கூடும்.

இது நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. ஸ்ட்ரேட்டோஸ்பியர் (ஓசோன் படலம் இருக்கும் அடுக்கு) குளிரும் என்று காலநிலை விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் 1967லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள் (மனாபேக்கு நோபல் கிடைத்தது 2021ல்!). கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் இரட்டிப்பானால் தெர்மோஸ்பியர் (அதற்கும் வெகு மேலே, விண்வெளி நிலையம் சுற்றும் அடுக்கு) சுமார் 50 டிகிரி குளிரும் என்று ரோபிள், டிக்கின்சன் என்ற விஞ்ஞானிகள் 1989ல் எழுதினார்கள். ஸ்ட்ரேட்டோஸ்பியர் குளிர்ந்ததில் ஓசோன் குறைந்ததற்கும் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் "எல்லாம் சூரியன் செய்கிற வேலை" என்று டீக்கடையில் வாதாடுபவரிடம் நான் இதைத்தான் கேட்பேன்: சூரியன்தான் காரணம் என்றால் மேலேயும் சூடாகியிருக்க வேண்டுமே?

குளிர்ந்த காற்று சுருங்கும். அதனால் 400 கி.மீ. உயரத்தில், சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் பகுதியில், காற்றின் அடர்த்தி மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. செயற்கைக்கோளைக் காற்று உரசிப் பின்னுக்கு இழுக்கும் இழுவை குறைந்தால் அதற்கு எரிபொருள் மிச்சம், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் செத்த செயற்கைக்கோளையும் ராக்கெட் துண்டுகளையும் கீழே இழுத்து எரிப்பது அதே இழுவைதான். அது குறையக் குறையக் குப்பை கூடுதல் காலம் மேலேயே சுற்றும், மோதல் ஆபத்தும் ஏறும். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் படுத்து வானத்தைப் பார்த்தாலே எத்தனை புள்ளிகள் நகர்கின்றன! அங்கே நெரிசல் ஏற்கெனவே அதிகம்.

அப்புறம், குளிர்ச்சி கீழே இறங்குமா என்றீர்கள். இறங்காது. 50 கி.மீ.க்கு மேலே இருப்பது மொத்தக் காற்றில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அது எவ்வளவு குளிர்ந்தாலும் ஈரோட்டுச் சித்திரை வெயில் அப்படியேதான் இருக்கும்.