அறிவியல் செய்தியும் வளரும் நாடுகளும்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: குடிதண்ணீருக்கே திண்டாடும் நாட்டில் அறிவியல் செய்தி எதற்கு?

பதில்: அந்தத் தண்ணீருக்காகத்தான். 1971இல் இந்தியாவுக்கு வந்த வங்கதேச அகதிகளின் முகாமில், அசுத்தத் தண்ணீரால் வரும் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஆனால் கண்டுபிடிப்பு தானாக வீடு வீடாகப் போய்ச் சேராதே! 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் இந்த நீரைக் கலக்கக் கற்றுக்கொடுக்க அந்நாட்டுக் கிராமங்களில் நடந்தார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். தாயே தன் கையால் கலக்கவேண்டும், ஊழியர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். இப்படி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். அந்தத் தாய்க்குப் பிற்பாடு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதித்துத்தான் ஊழியருக்குச் சம்பளம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நாங்கள் செய்தியாளர்கள் அச்சேறியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

கேள்வி: பதப்படுத்திய இறைச்சியால் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்று படித்தேன். 100 பேரில் 18 பேருக்கு வருமா?

பதில்: இல்லை. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது, தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து ஏற்கெனவே இருப்பதைவிட 18 சதவீதம் கூடும் என்று. 100 பேரில் 5 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 6 ஆகும். 'கூடும்' என்று படித்தால் 'எதிலிருந்து எதற்கு?' என்று கேளுங்கள். அதைச் சொல்லாத செய்தி அரைகுறைச் செய்தி.

கேள்வி: ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்த்துப் போட்டால் போதாதா?

பதில்: போதாது. நம் ஊர் மருத்துவர், விவசாயி யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: தடுப்பூசி வதந்தியை மறுத்து எழுதினாலும் மக்கள் நம்புவதில்லையே?

பதில்: 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்ற பேச்சு கிளம்பி, மாதக்கணக்கில் மருந்து நின்றது. போலியோ ஒழிந்திருந்த பக்கத்து நாடுகளுக்கும் கிருமி போனது. திட்டிப் பயனில்லை. உள்ளூர்த் தலைவர்களோடு பேசி, அவர்கள் நம்பிய இந்தோனேசியாவிலிருந்து மருந்து வந்த பிறகுதான் 2004இல் மீண்டும் தொடங்கியது. அதனால், மக்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேட்டு எழுதுங்கள். அப்புறம், வதந்தியைத் தலைப்பில் போடாதீர்கள். பலர் தலைப்போடு நிறுத்திவிடுவார்கள்.