வாசகர் கேள்வி – பதில்: வான்சாகச வீரர்களும் அவர்களுடைய கோப்பைகளும்

சூலூர் விமானப்படைத் தளத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வான்சாகச விமானிகளைப் பற்றிக் கடிதங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இவ்விதழில் விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு மேலே மயில் உருவம் தீட்டிய ஹெலிகாப்டர்கள் கூட்டாகப் பறந்து பழகுகின்றன. இவர்கள் ஏதேனும் கோப்பைக்காகப் போட்டியிடுகிறார்களா? (வாசகர், சூலூர்)

நீங்கள் பார்ப்பவை நம் விமானப்படையின் சாரங் குழுவுக்குரிய துருவ் ஹெலிகாப்டர்கள். 2003இல் பெங்களூரு எலகங்காவில் தொடங்கப்பட்ட இக்குழு, 2004இல் சிங்கப்பூர் வான்காட்சியில் முதன்முறையாக மக்கள் முன்னிலையில் பறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு சூலூருக்கு வந்து சேர்ந்தது. துருவின் சுழலும் இறக்கைகள் கீல் இல்லாமல் நடுத்தண்டோடு விறைப்பாகப் பொருத்தப்பட்டிருப்பதால், விமானி கைப்பிடியை அசைத்தவுடன் வண்டியின் உடலும் திரும்பிவிடுகிறது. ஹெலிகாப்டர்கள் எதிரெதிரே விரைந்து வந்து ஒன்றையொன்று கடந்து செல்லும் காட்சியைத் துணிந்து வகுப்பதற்கு இந்த அமைப்பு பெரிதும் உதவுகிறது.

சாரங் வீரர்கள் எவரையும் தோற்கடிப்பதற்காகப் பறப்பதில்லை. வான்சாகசத்தில் காட்சி என்பது வேறு, போட்டி என்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்திருந்த இடம் பிரிட்டிஷ் விமானப்படை. அங்கே ஜெட் பயிற்சி விமானங்களில் கற்பிக்கும் ஆசிரிய விமானிகள், தத்தம் பயிற்சிப் பள்ளியின் சார்பில் ரைட் ஜூபிலி கோப்பைக்காகத் தனியே பறந்து போட்டியிட்டார்கள். வென்றவருக்குப் பொதுமக்கள் முன்னிலையில் காட்சி நடத்தும் வாய்ப்பும் மதிப்பும் கூடின. வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியரே மேடையேறி ஆடிக் காட்டும் முறை அது. அதனால்தான் அந்தக் கோப்பையை வென்றவர்களை அவர்களுடைய மாணவர்கள் முதுமையிலும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள் என்று நான் கருதுகிறேன்.

இன்று இங்கிலாந்தின் ஃபேர்ஃபோர்டு தளத்தில் நடக்கும் பன்னாட்டு வான்விழாவிலும் காட்சிகளுக்குப் பரிசளிக்கிறார்கள். ஜோர்டான் மன்னர் ஹுசைன் நினைவாக ஒரு வாள் வழங்கப்படுகிறது. அவ்விழாவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பால் போவன் பெயரில் உள்ள கோப்பை, தனி ஜெட் விமானக் காட்சிகளுள் சிறந்ததற்கு உரியது.

கேள்வி: வானத்தில் ஒருவர் சுழன்று காட்டினால் அதற்கு எப்படி மதிப்பெண் போட முடியும்? (வாசகி, பொள்ளாச்சி)

முடியும், அதுவும் மிக நுணுக்கமாக. ஸ்பெயின் நாட்டு விமானி ஹோஸே லூயிஸ் அரெஸ்தி ஒவ்வொரு சாகசத்தையும் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன குறியீடாக வரைந்து, அதன் கடினத்துக்கேற்ப ஓர் எண்ணையும் கொடுத்தார். உலகப் போட்டிகள் இன்றுவரை இந்த முறையிலேயே நடக்கின்றன. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 1,000 மீட்டர் கொண்ட கற்பனைப் பெட்டிக்குள் விமானி பறக்க வேண்டும். நடுவர்கள் தரையில் அமர்ந்து ஒவ்வொரு உருவுக்கும் 10 மதிப்பெண்ணிலிருந்து குறைத்துக்கொண்டே வருவார்கள். செங்குத்தாக ஏற வேண்டிய கோடு 5 பாகை சாய்ந்தால் ஒரு மதிப்பெண் போய்விடும். எஞ்சிய மதிப்பெண்ணைக் கடின எண்ணால் பெருக்குவார்கள்.

துணிச்சலுக்கென்று இந்தக் கணக்கில் தனி மதிப்பெண் கிடையாது. பார்ப்பவர் நெஞ்சு படபடக்கும்படி தாழப் பறந்தவர் வெல்வதில்லை. குறித்த இடத்தில் தொடங்கிக் குறித்த இடத்தில் முடித்தவரே வெல்கிறார். அனுமதித்த உயரத்துக்குக் கீழே இறங்கினால் தண்டனையும் உண்டு.

கேள்வி: வானில் முதன்முதலில் வளையமிட்ட விமானி யார்? (வாசகர், பல்லடம்)

ரஷ்ய இராணுவ விமானி பியோத்தர் நெஸ்தரோவ். 1913 செப்டம்பர் 9 அன்று கீவ் நகரில் நியூபோர்ட் விமானத்தைச் செங்குத்தாக மேலேற்றித் தலைகீழாகத் திருப்பி, முழு வட்டம் அடித்து இறக்கினார். வளைவின் விசை சரியாக அமைந்தால் தலைகீழான நிலையிலும் விமானி இருக்கையோடு ஒட்டியே இருப்பார் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துத்தான் அவர் அதைச் செய்தார். ஆயினும் அரசுடைமையை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று குற்றம்சாட்டி அவருக்குப் பத்து நாள் காவல் தண்டனை விதித்தார்கள். சில நாள்களில் பிரான்சின் அடோல்ஃப் பெகூ அதே வளையத்தை அடித்து உலகப் புகழ் பெற்றதும், தண்டித்தவர்களே நெஸ்தரோவுக்குப் பதவி உயர்வு அளித்தார்கள். மறு ஆண்டே, முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில், எதிரி விமானத்தின் மீது தம் விமானத்தை மோதவிட்டு அவர் உயிரிழந்தார். உலக வான்சாகசப் போட்டியில் வெல்லும் அணிக்கு இன்றும் நெஸ்தரோவ் கோப்பையே வழங்கப்படுகிறது. முதல் வளையத்துக்குத் தண்டனை பெற்றவரின் பெயரையே கோப்பைக்குச் சூட்டியதைவிடப் பொருத்தமான நினைவஞ்சலி இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: விமானப்படையில் பணியாற்றிய என் பெரியப்பா, ‘தண்டர்போல்ட்ஸ்’ என்ற குழுவைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். அது என்ன ஆயிற்று? (வாசகர், திருப்பூர்)

விமானப்படையின் பொன்விழா ஆண்டான 1982இல் ஒன்பது ஹண்டர் விமானங்களைக் கொண்டு அமைந்த குழு அது. ஹண்டர்கள் ஓய்வை நெருங்கிய காலத்தில் குழுவும் கலைந்தது. அதன் மரபை ஏற்று 1996இல் கர்நாடக மாநிலம் பீதரில் சூரியகிரண் உருவாயிற்று. முதலில் கிரண் விமானங்களிலும், 2011இல் நிறுத்தப்பட்டு மீண்டபின் ஹாக் விமானங்களிலும் அக்குழு பறக்கிறது. அணிவகுப்பில் ஓரத்தில் பறக்கும் விமானி தமக்கு முன்னே உள்ள வானத்தைப் பார்ப்பதில்லை என்பதை உங்கள் பெரியப்பாவிடம் கேட்டால் விளக்குவார். பக்கத்து விமானத்தின் உடலில் குறித்துவைத்த இரு புள்ளிகள் ஒரே கோட்டில் தெரிகின்றனவா என்பதை மட்டுமே காட்சி முடியும்வரை அவர் கவனித்துக்கொண்டிருப்பார். தலைவர் எங்கே போகிறாரோ அங்கே மற்றவர்களும் போவார்கள்.

கேள்வி: துபாயில் நம் சூலூர் விமானி இறந்த செய்தியைக் கேட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வேடிக்கைக்காக இத்தனை உயிர்களைப் பலிகொடுக்க வேண்டுமா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

அம்மா, உங்கள் துயரம் இப்பகுதி மக்கள் பலருடைய துயரம். இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியால் சூலூரில் பணியாற்றியவர். 2025 நவம்பர் 21 அன்று துபாய் வான்காட்சியில் தேஜஸ் விமானத்தில் சாகசம் செய்துகொண்டிருந்தபோது விமானம் விழுந்து உயிரிழந்தார். அவருடைய உடல் முதலில் சூலூருக்குத்தான் கொண்டுவரப்பட்டது. அஞ்சலிக்குப் பிறகே சொந்த ஊருக்குச் சென்றது.

அவருக்கு முன்னும் சிலர் சென்றிருக்கிறார்கள். சூரியகிரண் குழுவில் 2006இல் விங் கமாண்டர் தீரஜ் பாட்டியாவும் ஸ்குவாட்ரன் லீடர் ஷைலேந்தர் சிங்கும், 2009இல் விங் கமாண்டர் தாலிவாலும், 2019இல் எலகங்கா ஒத்திகையில் விங் கமாண்டர் சாஹில் காந்தியும் இறந்தார்கள். சாரங் குழு சூலூருக்கு வந்தபின், 2007இல், எலகங்காவில் நடந்த பயிற்சியின்போது ஸ்குவாட்ரன் லீடர் பிரியே சர்மாவை இழந்தது. நம் தலைக்கு மேலே பழகிய குழுவைச் சேர்ந்த அவருடைய பெயரை நம் ஊர்களில் மிகச் சிலரே அறிவர் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

வேடிக்கைக்காக மட்டும் இதைச் செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சாரங் விமானிகள் 2013இல் உத்தராகண்ட் வெள்ளத்திலும் 2018இல் கேரள வெள்ளத்திலும் மீட்புப் பணியில் ஈடுபட்டார்கள். காட்சிக்காகப் பழகிய துல்லியமே நெருக்கடியில் கைகொடுத்தது. ஆனால் ஆபத்தைக் குறைக்கும் கடமை காட்சி நடத்துவோருக்கு உண்டு. அதில் நான் எந்த விலக்கையும் ஏற்க மாட்டேன். 1952இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஜான் டெரியின் விமானம் உடைந்து, பார்வையாளர் 29 பேர் இறந்தபின், கூட்டத்தை நோக்கிப் பறப்பதற்கு அங்கே கட்டுப்பாடுகள் வந்தன. 1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலியக் குழுவின் மூன்று விமானங்கள் மோதி, விமானிகள் மூவரையும் சேர்த்து 70 பேர் இறந்தார்கள். கூட்டத்தை நோக்கி வந்த தனி விமானமே அங்கே பேரழிவுக்குக் காரணமாயிற்று. ஆகவே, கூட்டம் எவ்வளவு தொலைவில் நிற்கிறது, எந்த உயரத்துக்குக் கீழே விமானம் இறங்கக் கூடாது என்பவற்றை வகுத்த பின்னரே இன்றைய காட்சிகள் நடைபெற வேண்டும். அந்த எல்லைகளுக்கு மதிப்பளித்துப் பறப்பவருக்கே நம் கைதட்டல் உரியது.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறேன். பெண்களும் சாரங் குழுவில் சேரலாமா? நான் என்ன படிக்க வேண்டும்? (மாணவி, தாராபுரம்)

சேரலாம், கண்ணு. தீபிகா மிஸ்ரா சாரங் குழுவில் இடம்பெற்ற முதல் பெண் விமானி. மத்தியப் பிரதேச வெள்ளத்தில் பலரைக் காப்பாற்றியதற்காக வீரச் செயலுக்கான வாயுசேனா பதக்கமும் பெற்றார்; விமானப்படையில் வீரச் செயலுக்காக விருது பெற்ற முதல் பெண் அதிகாரியும் அவரே.

உன் ஊருக்கு அருகிலேயே, உடுமலைப்பேட்டை வட்டத்தில் உள்ள அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இப்போது மாணவிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு அகில இந்திய அளவில் நுழைவுத்தேர்வு உண்டு. இந்த ஆண்டு அறிவிப்பு எப்போது வருகிறது என்று உன் ஆசிரியரிடம் கேட்டுவை. அங்கே சேர இயலாவிட்டாலும் கவலை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்து தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதலாம். அல்லது பட்டம் முடித்து விமானப்படையின் பொதுச் சேர்க்கைத் தேர்வு எழுதலாம். சாகசக் குழுவுக்குப் புதியவர்களை எடுப்பதில்லை. பல ஆண்டுகள் பறந்து பழகிய பிறகே அந்த வாய்ப்பு வரும்.