செம்பாறை நாட்டில் கூடாரப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களிலுள்ள பாலைப் பள்ளத்தாக்குகளுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் காரில் சென்று கூடாரமடித்துத் தங்குவது குறித்து வாசகர்கள் கேட்டிருந்தவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஜூலைக் கடைசியில் எங்களுக்கு ஒன்பது நாள் விடுமுறை. லாஸ் வேகஸில் இறங்கி, வாடகைக் காரில் ஸயன், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் ஆகிய ஐந்து பூங்காக்களையும், அப்படியே மோனுமென்ட் வேலியையும் கிராண்ட் கேன்யனையும் பார்த்துவிட்டுத் திரும்ப எண்ணியிருக்கிறோம். பத்தும் ஏழும் வயதான இரு பிள்ளைகள் உடன் வருகிறார்கள். எல்லா இரவும் கூடாரத்தில்தான். இது சரிவருமா? (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: சரிவராது. வரைபடத்தில் பார்த்தால் ஒவ்வொரு பூங்காவுக்கும் அடுத்ததற்கும் இரண்டு, மூன்று மணி நேர ஓட்டம்தானே என்று தோன்றும். ஆனால் கூடாரத்தைப் பிரித்து, மணலை உதறி, மடித்து, வண்டியில் ஏற்றி, அடுத்த இடத்தில் இறக்கி, மறுபடி நட்டு, அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்குள் அரை நாள் போய்விடும் என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. நாள்தோறும் இடம் மாறும் பயணத்தில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் சாலையும் வாகன நிறுத்தங்களும்தான்.

என் பரிந்துரை இது. ஸயனில் மூன்று இரவு, பிரைஸில் இரண்டு, கேப்பிடல் ரீஃபில் இரண்டு, கடைசி இரவு லாஸ் வேகஸ் அருகே. மற்றவற்றை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் கேன்யனைத் தவறவிடுகிறோமே என்ற வருத்தம் உங்களுக்கு இருக்கும், அது நியாயமானதுதான். ஆனால் அதன் விளிம்பில் நாற்பது நிமிடம் நின்று படமெடுத்துவிட்டு ஓடுவதைவிட, அதற்கென்றே ஒருமுறை வருவது மேல்.

பிரைஸிலிருந்து கேப்பிடல் ரீஃபுக்குப் போகும் 12-ஆம் எண் சாலைக்கு ஒரு முழுப் பகலையும் ஒதுக்குங்கள். எஸ்கலான்டே என்னும் ஊரைத் தாண்டியபின் ஓரிடத்தில் சாலை ஒரு பாறை முதுகின்மேல் ஏறிவிடுகிறது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறைச் சரிவு, நடுவே இரண்டு வழித்தடம், அவ்வளவுதான். அடுத்து வரும் போல்டர் என்னும் சிற்றூருக்கு 1930-கள் வரை கோவேறு கழுதைகள்தாம் தபால் சுமந்தன என்பதை அந்தச் சாலையில் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், நன்றாகவே புரிந்துகொள்வார்கள். கேப்பிடல் ரீஃபில் ஃப்ரூட்டா முகாமைச் சுற்றி, 1880-களில் குடியேறிய, மார்மன் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் நட்டுத் தொடங்கிய பழத்தோட்டங்களைப் பூங்கா நிர்வாகமே இன்றும் பராமரித்து வருகிறது. பறிப்பதற்குத் திறந்துவிட்ட தோட்டத்தில் பிள்ளைகள் தாங்களே பழம் பறித்து, எடை போட்டு, பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம்.

அடுத்தது மாதம். ஜூலைக் கடைசி என்பது இப்பகுதியின் கடும் வெயிலும் இடிமழைப் பருவமும் ஒன்றாகச் சேரும் காலம். ஆர்ச்சஸ் பக்கம் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எளிதில் எட்டும். கிராண்ட் கேன்யனின் அடிவாரத்தில் 40-ஐத் தாண்டும். செப்டம்பர் பிற்பகுதிக்கோ அக்டோபருக்கோ தள்ளிப்போட முடிந்தால் கட்டாயம் தள்ளிப்போடுங்கள். பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் வர வேண்டுமென்றால் உயரமான இடங்களை நாடுங்கள். ஸயன் பள்ளத்தாக்கின் தரை சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. பிரைஸின் விளிம்பு 8,000 அடிக்கு மேல். அதற்கு மேற்கே சீடர் பிரேக்ஸ் 10,000 அடியையும் தாண்டுகிறது. ஸயனில் மேல்போர்வை இல்லாமல் புரண்டுகொண்டிருந்த பிள்ளைகள், மறுநாள் இரவு பிரைஸில் கம்பளிக் குல்லாய் கேட்பார்கள். இரண்டுக்கும் சேர்த்தே மூட்டை கட்டுங்கள்.

கேள்வி: குறுகிய பாறைப் பிளவு ஒன்றுக்குள் நடக்கக் கிளம்பிய எங்களை, வானம் துல்லியமாக இருந்தபோதே, வெள்ள அபாயம் என்று சொல்லி ரேஞ்சர் (பூங்காக் காவலர்) திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு சொட்டு மழைகூட இல்லை. இத்தனை எச்சரிக்கை தேவைதானா? (டெக்சாஸ் வாசகி)

பதில்: தேவை, அம்மா. அந்த ரேஞ்சருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். உங்கள் தலைக்கு மேலே தெரிவது ஒரு கீற்று வானம் மட்டுமே. உங்களை நோக்கி வரும் தண்ணீரோ கண்ணுக்கெட்டாத மேட்டு நிலத்தில் பெய்த மழையிலிருந்து புறப்படுகிறது. அங்கே பெரும்பாலும் வெறும் பாறை. மண் மிகக் குறைவு, மரம் அதைவிடக் குறைவு. பெய்யும் மழையில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் வழிந்தோடி, பல சதுர கிலோமீட்டர் பரப்பின் நீர் முழுதும், இரண்டு கைகளையும் விரித்தால் இரு சுவரையும் தொடக்கூடிய ஒரு பிளவுக்குள் வந்து விழுகிறது. கணுக்கால் அளவு நீர் ஆள் உயரத்தைத் தாண்டச் சில நிமிடங்கள் போதும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் நடந்தது இதுதான். பிளவுக்குள் நின்றவர்களுக்கு மழை ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பல மைல் தொலைவில் மேல்நிலத்தில் பெய்த இடிமழையின் வெள்ளம் வந்து 11 பயணிகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. 2015 செப்டம்பரில் ஸயனின் கீஹோல் பிளவில் இறங்கிய ஏழு பேரும் இப்படியே மாண்டார்கள்.

ஸயனில் வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் ‘நாரோஸ்’ பகுதியில் ஒருமுறை நான் முழங்கால் நீரில் நின்றிருந்தேன். காலடியில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய தெளிவு. சற்று நேரத்தில் பைன் மரத்தின் ஊசியிலைகள் கொத்தாக மிதந்து வந்தன. பின்னால் ஒரு விரல் பருமனுள்ள குச்சிகள். பிறகு தண்ணீர் ஓரத்திலிருந்து பழுப்பாகத் தொடங்கியது. எங்களுக்கு முன்னால் போன முதியவர் ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி, கைத்தடியால் கரைமேட்டைக் காட்டினார். எல்லோரும் ஏறினோம். அன்று நீர் ஒரு முழம் மட்டுமே உயர்ந்தது, ஆனால் நாங்கள் நின்ற இடத்தில் எவராலும் காலூன்றியிருக்க முடியாது.

ஆகவே இவற்றை மனத்தில் வையுங்கள்: நீரின் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் வரத் தொடங்கினாலோ, மேலிருந்து லாரி வருவதுபோல் இரைச்சல் கேட்டாலோ, பிளவின் வாசல்வரை ஓடிப் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள், அருகிலிருக்கும் மேட்டில் ஏறுங்கள். ஸயனுக்கென தேசிய வானிலைச் சேவை நாள்தோறும் வெளியிடும் வெள்ள வாய்ப்புக் கணிப்பைக் காலையில் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை நண்பகலுக்குப் பிறகு எந்தப் பிளவுக்குள்ளும் இருக்க வேண்டாம் என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட விதி. இதே காரணத்தால், மணல் மெத்தையாகத் தெரியும் வறண்ட ஓடைப்படுகையில் ஒருபோதும் கூடாரம் அடிக்காதீர்கள். அந்த மணலைக் கொண்டுவந்து சேர்த்ததே வெள்ளம்தான்.

கேள்வி: குடிநீர் எவ்வளவு எடுத்துச் செல்வது? (இல்லினாய் வாசகர்)

பதில்: ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர், வண்டியில் அதற்கு மேல் ஒருநாள் இருப்பு. கேன்யன்லேண்ட்ஸின் வில்லோ ஃப்ளாட் போன்ற முகாம்களில் குழாயே கிடையாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாமல் தலைசுற்றலும் குமட்டலும் வரும் என்பதால், உப்பிட்ட கடலை போன்ற ஏதாவது ஒன்றையும் இடையிடையே தின்னுங்கள். வண்டிக்கும் இதே கவனம் வேண்டும்: 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் இடையே நூறு மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் நிலையம்கூட இல்லை.

கேள்வி: பூங்கா முகாம்களில் எந்தத் தேதிக்கும் இடம் கிடைக்கவில்லை. சாலையோரம் காரிலேயே படுத்துக்கொள்ளலாமா? (ஓஹையோ வாசகர்)

பதில்: பூங்காவுக்குள் கூடாது. காட்சிமுனை வாகன நிறுத்தங்களில் இரவு தங்கினால் அபராதம் விதிப்பார்கள். ஸயனின் வாட்ச்மன், ஆர்ச்சஸின் டெவில்ஸ் கார்டன் போன்றவற்றுக்கு ஆறு மாதம் முன்னரே அரசின் ரெக்ரியேஷன் இணையதளத்தில் முன்பதிவு திறக்கிறது. டெவில்ஸ் கார்டனில் மொத்தமே 51 இடங்கள்தாம் என்பதால் முதல் நாளிலேயே தீர்ந்துவிடும். ஆனாலும் பயணத்துக்கு முந்தைய சில நாட்களில் பலர் ரத்து செய்வார்கள். காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருங்கள். மேலே சொன்ன வில்லோ ஃப்ளாட்டில் 12 இடங்கள், முன்பதிவு இல்லை, முதலில் வருபவர்க்கே.

இன்னொரு வழியும் உண்டு. பூங்காக்களுக்கு வெளியே, நில மேலாண்மைத் துறையின் பொறுப்பிலுள்ள பொது நிலங்களில் பல இடங்களில், கட்டணமின்றி 14 நாள் வரை தங்கலாம். அங்கே குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இராது. ஆர்ச்சஸ் அருகிலுள்ள மோவாப் நகரைச் சுற்றி, குறித்துவைத்த இடங்களில் மட்டுமே அனுமதி. மனிதக் கழிவையும் அதற்கான பையில் அடைத்துத் திரும்ப எடுத்துவர வேண்டும். முகம் சுளிக்க வேண்டாம். ஈரமில்லாத அந்த மண்ணில் எதுவும் எளிதில் மக்குவதில்லை. போகும் மண்சாலையை மழைக்குப் பிறகு நம்பாதீர்கள். நனைந்த களி சக்கரத்தை விடாது. வாடகைக் காரென்றால் மண்சாலையில் ஓட்டக் கூடாதென்று ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும், கையெழுத்திடுமுன் படியுங்கள்.

கேள்வி: ஆர்ச்சஸில் என் மகன் பாதையை விட்டு இரண்டடி தள்ளிக் கால் வைத்ததற்கு ஒருவர் கடிந்துகொண்டார். வெறும் மண்தானே? (கலிஃபோர்னியா வாசகி)

பதில்: வெறும் மண் அன்று. அடுத்த முறை பாதையில் நின்றபடியே குனிந்து பாருங்கள். கருகிய தோசையின் ஓரம்போல மொறுமொறுப்பாக, விரல் நுனி உயரத்துக்குச் சிறுசிறு கோபுரங்களாக எழும்பியிருக்கும் அந்தக் கருப்புப் படலம் உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிரிகள், ஈரமானபோது மணலுக்கிடையே ஊர்ந்து, பசையுள்ள இழைகளால் மணல்துகள்களைத் தைத்துவிடுகின்றன. அவற்றோடு பாசியும், லைக்கன் என்னும் பூஞ்சை-பாசிக் கூட்டுயிரும் சேர்கின்றன. காற்று மண்ணை வாரிப்போகாமல் காப்பது, மழைநீரைப் பிடித்துவைப்பது, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிகளுக்கு உணவாக்குவது எல்லாம் இந்தப் படலத்தின் வேலை. ஒரு காலடியில் நொறுங்கியது திரும்ப முழுமையாக வளரப் பத்தாண்டுகள் பல ஆகலாம். பாறைமீது நடக்கலாம், ஓடைமணலில் நடக்கலாம், போட்ட பாதையில் நடக்கலாம். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த பயணத்தில் அவனே மற்றவர்களைத் தடுப்பான்.

கேள்வி: ஆண்டு அனுமதிச் சீட்டு ஒன்று வாங்கினால் எல்லா இடத்துக்கும் செல்லுமா? (வாஷிங்டன் வாசகர்)

பதில்: தேசியப் பூங்காக்களுக்குச் செல்லும். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவர்க்கு 250 டாலர். முகாம் கட்டணம் தனி. மோனுமென்ட் வேலியும் ஆன்டிலோப் கேன்யனும் நவஹோ என்னும் பழங்குடி மக்களின் நிலம். அங்கே இந்தச் சீட்டு செல்லாது, அவர்களுக்குரிய கட்டணத்தைச் செலுத்த வேண்டும், ஆன்டிலோப்பில் வழிகாட்டி இல்லாமல் நுழையவும் முடியாது. நவஹோ நிலத்தில் மதுவுக்குத் தடை உண்டு. ஒருவர் வீட்டு வாசலுக்குள் வந்திருக்கிறோம் என்ற நினைப்போடு நடந்துகொள்ளுங்கள். கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள்.

நேரத்திலும் கவனம் தேவை. அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நாடு மாற்றுகிறது, யூட்டாவும் மாற்றுகிறது. கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். முன்பதிவு செய்த சுற்றுலா எந்த நேரக் கணக்கில் நடக்கிறது என்று அவர்களிடமே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் பெற்றோர் உடன் வருகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. அவர்கள் காரிலேயே உட்கார்ந்திருக்கத்தான் வேண்டுமா? (வர்ஜீனியா வாசகி)

பதில்: வேண்டியதில்லை. பிரைஸில் சன்ரைஸ், சன்செட் ஆகிய இரு முனைகளுக்கும் இடையே சுமார் 800 மீட்டருக்குத் தளமிட்ட விளிம்புப் பாதை இருக்கிறது; ஆயிரக்கணக்கான பாறைத் தூண்களை நின்றபடியே பார்க்கலாம். ஆண்டின் பெரும்பகுதி ஸயன் பள்ளத்தாக்குக்குள் சொந்தக் கார் அனுமதி இல்லை, ஆனால் பூங்காவின் பேருந்து இருக்கையிலிருந்தே செங்குத்துச் சுவர்கள் தெரியும்.

கிராண்ட் கேன்யனின் தென் விளிம்புக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால், யவபாய் அருங்காட்சியகத்திலிருந்து, விடுதிகள் உள்ள கிராண்ட் கேன்யன் கிராமத்தை நோக்கிப் போகும் ‘காலப் பாதை’யில் அப்பாவை மெல்ல நடக்கவிடுங்கள். அங்கே ஒரு மீட்டர் என்பது பத்து லட்சம் ஆண்டு. பள்ளத்தாக்கின் பாறைகளை அவற்றின் வயதுக்குரிய இடத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். விளிம்பிலுள்ள கைபாப் சுண்ணாம்புப் பாறைக்கு 27 கோடி ஆண்டு, ஆழத்தில் ஆற்றோரம் கிடக்கும் விஷ்ணு என்று பெயரிட்ட கரும்பாறைக்கு 170 கோடி ஆண்டுக்கும் மேல். அந்தப் பெயரைப் படித்துவிட்டு உங்கள் அம்மா பாறைமேல் கை வைப்பதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. மூட்டுவலி உள்ளவர்க்கென நுழைவாயிலில் அனுமதி அட்டை கேளுங்கள். மற்ற கார்களுக்கு மூடியிருக்கும் ஹெர்மிட் சாலையில் அதைக் காட்டி உங்கள் காரிலேயே போகலாம்.

பெற்றோரைக் கூடாரத்தில் படுக்கவைக்காதீர்கள். அருகே ஓர் அறை எடுத்துக்கொடுங்கள், இரவில் எழுந்து இருட்டில் கழிப்பறை தேடுவது அவர்களுக்கு ஆபத்து. தென் விளிம்பே 7,000 அடி உயரம். இதயத்துக்கோ நுரையீரலுக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் என்றால் கிளம்புமுன் மருத்துவரைக் கேளுங்கள். போய்ச் சேர்ந்த அன்று ஒரு நடையும் வேண்டாம். மடக்கு நாற்காலி இரண்டும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு, சூரியன் சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே விளிம்பில் ஓரிடம் பார்த்து உட்காரவையுங்கள்.