எட்டுக்கோடு பட்டர்ஃபிளை மீன் மூன்றடித் தொட்டியில் பிழைக்குமா?

கேள்வி: காட்பாடியில் எங்கள் வீட்டில் மூன்றடி கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. ஒரு ஜோடி கிளவுன் மீன் இரண்டு வருடமாக நன்றாக இருக்கின்றன. மீன் கொண்டுவந்து கொடுப்பவர், ராமேஸ்வரம் பக்கமிருந்து எட்டுக்கோடு பட்டர்ஃபிளை ஒரு ஜோடி தருவதாகச் சொல்கிறார். சின்ன வகை, இந்தத் தொட்டியே போதுமாம். கூடவே காப்பர்பேண்ட் என்ற இன்னொரு வகை பட்டர்ஃபிளை ஒன்று விட்டால், பாறையில் களையாக முளைத்திருக்கும் ஏய்ப்டேசியாவை (பூப்போல ஒட்டியிருக்கும் குட்டிக் கடல் அனிமோன்) தின்றுவிடுமாம். முன்பணம் கொடுத்திருக்கிறேன். வாங்கலாமா? வேலூர் வெயிலைத் தாங்குமா?

பதில்: வாங்க வேண்டாம். முன்பணம் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை.

எட்டுக்கோடு மீன் சின்ன வகை என்று அவர் சொன்னது உண்மைதான், 12 செ.மீ. அளவுக்குத்தான் வளரும். ஆனால் அது உயிருள்ள பவளத்தின் நுனிகளைக் கொத்தித் தின்றே வாழ்கிற மீன். அதை அவர் சொல்லவில்லை. உங்கள் தொட்டியில் அதற்குச் சாப்பாடே கிடையாது. பழக்கினால் இறால் தின்னும் என்பார்கள். முதல் வாரம் பாறையைக் கொத்திக்கொண்டு திரியும். நீங்களும் சாப்பிடுகிறது என்று நம்புவீர்கள். பிறகு முதுகு ஒட்டி, வயிறு உள்ளே போய், ஒரு நாள் காலையில் செத்துக் கிடக்கும். பட்டினியால் செத்த மீனுக்கு உங்கள் தண்ணீர் சரியில்லை என்று அவரே காரணம் சொல்லி, அடுத்த ஜோடியையும் விற்பார். இந்த வியாபாரம் பல வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

பட்டர்ஃபிளை இனத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வீட்டில் வைக்கத் தகுந்தவை கொஞ்சமே. ஆரிகா, டெகுசேட்டஸ், ஹெனியோகஸ் மூன்றும் இறாலுக்குச் சீக்கிரம் பழகும். நம் கடலில் கிடைக்கும் ‘காலரே’ என்ற வகை அடுத்தபடி. எல்லாமே 18 முதல் 25 செ.மீ. வரை வளர்கிறவை, அதனால் மூன்றடித் தொட்டி ஆகாது. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் சுமார் 450 லிட்டர். அதில் ஒன்று, ஒன்றே ஒன்று வைக்கலாம்.

எந்த வகையானாலும், உங்கள் கண் முன்னால் சாப்பிடாத மீனை வாங்காதீர்கள். கடைக்குப் போய், உறைந்த மைசிஸ் (இறால் போன்ற பொடி உயிரி) போடச் சொல்லுங்கள். வாயில் எடுத்துத் துப்புகிறதா, விழுங்குகிறதா என்று நின்று பாருங்கள். போன வாரம் எடுத்த வீடியோ வேண்டாம், பஸ் பார்சல் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் நாலு வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். அங்கே சாப்பிட அடம்பிடித்தால், பச்சை மட்டியைத் திறந்து ஓட்டோடு வையுங்கள். கொத்தித் தின்கிற மீன் என்பதால் பல நேரம் அதில்தான் ஆரம்பிக்கும். பழகியதும் பொடியாக நறுக்கிய இறால், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை.

அடுத்து காப்பர்பேண்ட். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. பவளத்தை மட்டும் நம்பி வாழ்கிற மீன் இல்லை இது. ஏய்ப்டேசியாவைத் தின்னும் என்பதும் சரி. ஆனால் எல்லாக் காப்பர்பேண்டும் தின்பதில்லை. தின்கிற மீன்கூட அது தீர்ந்ததும் வேறு எதையும் தொடாமல் பட்டினி கிடக்கலாம். அப்படியானால் களையெடுக்க வந்த மீன், களை தீர்ந்ததும் சாக வேண்டுமா? அதோடு 20 செ.மீ. வளரும், உங்கள் தொட்டிக்கு அதுவும் பெரிது. மன்னார் வளைகுடாவில் பிடித்தது என்று சொல்லி விற்றால் அது பொய். அந்த மீன் அங்கே கிடையாது. இறக்குமதிச் சரக்கில் சயனைடு அடித்துப் பிடித்தவையும் கலந்து வரும். பார்க்க நன்றாக இருக்கும், சாப்பிடவும் செய்யும், சில வாரத்தில் போய்விடும்.

ஏய்ப்டேசியாவுக்கு மீனே வேண்டாம். வாசனை சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, பம்ப்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாயில் வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். கையால் மட்டும் பிய்க்காதீர்கள், ஒவ்வொரு துணுக்கும் முளைக்கும்.

அப்புறம், லைவ் ராக் தருகிறேன் என்று அதே ஆள் சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். கடலில் பெயர்த்த பவளப்பாறை அது. கல்பவளங்கள் எல்லாமே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, தண்டனை மூன்று முதல் ஏழு வருடச் சிறை. மாட்டுவது வீட்டில் தொட்டி வைத்திருப்பவர், விற்றவர் போனை அணைத்துவிடுவார். மீன் கடைகளுக்கென்று 2017-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. பட்டர்ஃபிளை உட்பட நீளமான பட்டியல் போட்டு, விற்கவே கூடாது என்றார்கள். பிறகு மொத்தத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எல்லாவற்றையும் தடுக்கப் பார்த்தார்கள், கடைசியில் எதையும் தடுக்கவில்லை. இந்த மீன் என்ன தின்னும் என்று தொட்டியில் எழுதி ஒட்டு என ஒரே ஒரு விதி போட்டிருந்தால் போதும். அதைக் கேட்க இன்றுவரை ஆளில்லை.

வெயில் விஷயம். மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும், தொட்டித் தண்ணீரோ 25 முதல் 27-க்குள் இருக்க வேண்டும். பெரிய தொட்டி வைப்பதானால் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின், இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் சில்லரை இழுக்காது. தண்ணீரைச் சுழற்றும் பம்ப்பையாவது அதில் மாட்டுங்கள். சூடு ஏறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, முதலில் மூச்சுதான் முட்டும். ஃபிரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை மூடியோடு மிதக்கவிட்டால் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். ஆவியாகிக் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நம் ஊர் போர் தண்ணீரோ கேன் தண்ணீரோ வேண்டாம், ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்ச உப்பையும் எடுக்கும் டி.ஐ. ஃபில்டரும் தாண்டி, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டுகிற தண்ணீர்தான்.

இப்போதிருக்கும் தொட்டி கிளவுன் ஜோடிக்குச் சரியான அளவு. நாலடித் தொட்டிக்கு இடமும் சில்லருக்குப் பணமும் சேர்ந்தால் எழுதுங்கள், ஒரு ஆரிகாவில் ஆரம்பிக்கலாம்.