நுவார் நாயகனுக்கு எந்த டை?

கேள்வி: 1946-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் ஒரு நுவார் குறும்படத்தை (பழைய ஹாலிவுட்டின் இருண்ட குற்றப்பட பாணி) கறுப்பு வெள்ளையில் எடுக்கிறோம். துப்பறிவாளன் வேடத்துக்கு மெல்லிய கறுப்பு டை வாங்கியிருக்கிறோம். பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அது ஐம்பதுகளின் டை. நுவார் என்றதும் ஒரே உடைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நுவார் படங்களில் ‘மால்டீஸ் ஃபால்கன்’ வந்தது 1941-இல், ‘டச் ஆஃப் ஈவில்’ 1958-இல். இந்த 17 ஆண்டுகளில் கோட்டின் லேப்பல் (நெஞ்சில் மடிந்து நிற்கும் பட்டை) ஒடுங்கியது, கூடவே டையும் ஒடுங்கி இரண்டரை அங்குலம்வரை இறங்கியது.

உங்கள் கதைக்கு நாலு அங்குல அகலம் வேண்டும். போர் முடிந்த உற்சாகத்தில் அமெரிக்காவில் டைகள் இன்னும் அகலமாகி, பனைமரம், மீன், குதிரை என்று கையால் தீட்டியவையும் வந்தன. அப்படி ஒன்றை வில்லனின் அடியாளுக்குக் கட்டுங்கள். துப்பறிவாளனுக்குப் பட்டையான சாய்கோடு போதும்.

அகலத்தைவிட முக்கியம் நீளம். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். அன்றைய பேன்ட் தொப்புள்வரை ஏறி நிற்கும். டையின் முனை அந்த இடுப்புப் பட்டையோடு, சில சமயம் அதற்கும் மேலேயே நின்றுவிடும். இன்றைய டைகள் 57, 58 அங்குலம். அன்றையவை அதைவிட ஐந்தாறு அங்குலம் குட்டை. அதனால் முதலில் பேன்ட்டை ஏற்றிப் போடச் சொல்லுங்கள். அப்புறம் வின்ட்சர் முடிச்சுப் போடுங்கள். கூடுதல் சுற்றில் நீளம் கொஞ்சம் குறையும், கூர்நீளக் காலருக்கும் அந்தப் பருத்த முடிச்சு எடுப்பாக இருக்கும். இன்னும் தொங்கினால், கழுத்தைச் சுற்றி வரும் பகுதியில் வெட்டி ஒட்டுத் தைக்கத் தையல்காரரிடம் கொடுங்கள். தையல் காலருக்குள் மறைந்துவிடும்.

துணியில் பளபளப்பு கூடாது. நுவாரில் பக்கவாட்டிலிருந்து கடுமையான வெளிச்சம் விழும். சாட்டின் டை நெஞ்சில் வெள்ளைக் கீற்றாக மின்னி முகத்தை அமுக்கிவிடும். 1941-இல் ஜப்பானியப் பட்டு வரத்து நின்றதும் செயற்கைப் பட்டான ரேயானில் டைகள் பெருகின. மங்கலான ரேயானே உங்களுக்குச் சரி.

வாங்கும் முன் கைபேசியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு அழகாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகக் கலந்து, கோடே தெரியாமல் போகலாம். அடர்நீலத்தில் வெளிர்மஞ்சள் கோடு என்றால் அந்தக் கவலை இல்லை.